சிகிச்சை முடிந்து வரும் பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது?

அமெரிக்காவில் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருக்கும் கேள்வி இது. பதினாறு வயது மகன். கஞ்சாவில் தொடங்கி மாத்திரை வரை போய்விட்டான். இப்போது சிகிச்சை மையத்தில் தங்கியிருக்கிறான், இன்னும் இரண்டு வாரத்தில் வீட்டுக்கு வருகிறான். பழைய பள்ளிக்கு அனுப்ப வேண்டாம், போதையிலிருந்து மீண்டுவரும் பிள்ளைகளுக்கென்றே ரெக்கவரி ஹை ஸ்கூல் என்று தனியாக உண்டு, அதைப் பாருங்கள் என்று அங்கிருக்கும் கவுன்சிலர் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு இரண்டு பயம். போதைப் பழக்கம் இருந்த பிள்ளைகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தால் இன்னும் கெட்டுப்போகமாட்டார்களா? நாளைக்குக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பள்ளியின் பெயர் குறுக்கே நிற்காதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் போய்வரக்கூடிய தூரத்தில் அப்படி ஒரு பள்ளி இருந்து, அவனுக்கும் ஓரளவு சம்மதம் என்றால், சேர்த்துவிடுங்கள். காரணத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் குடும்பங்களில் இதைப் பற்றிப் பேச்சே கிடையாது, பேசினாலும் ஏதோ கோர்ட் அனுப்பிவைக்கும் சீர்திருத்தப் பள்ளி என்று நினைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். இவை அது இல்லை.

ஒரு பெரியவர் குடியை விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடக் குடித்தவர்களைப் பார்க்காமல் இருக்கலாம், வேலையை மாற்றலாம், வேறு வழியாக வீட்டுக்குப் போகலாம், முடிந்தால் வேறு ஊருக்கே போய்விடலாம். பதினாறு வயதுப் பையனுக்கு இதில் எதுவுமே முடியாது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஆறேழு மணி நேரம், வருஷத்தில் ஏறத்தாழ 180 நாள், குறிப்பிட்ட ஒரு கட்டடத்துக்குள் அவன் இருந்தே ஆக வேண்டும், அங்கேதான் அவனோடு சேர்ந்து புகைத்தவனும் இருக்கிறான், அவனுக்கு விற்றவனும் இருக்கிறான், பல நேரம் அந்த இரண்டும் ஒரே நண்பனாகவும் இருக்கும். திரும்பிப் போன முதல் நாளே யாரோ ஒருவர் எதையோ நீட்டினார்கள் என்பது சிகிச்சை முடித்த பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம். யாரும் கெட்ட எண்ணத்தில் நீட்டுவதில்லை, நண்பன் திரும்பி வந்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் நீட்டுவார்கள். அந்த வயதில் "வேண்டாம்" என்று சொல்வது போதையை மட்டும் மறுப்பது ஆகாது, மதிய உணவுக்கு யாருடன் உட்காருவது என்பதையும் சேர்த்து மறுப்பதாகிவிடும். அவசரத்தை அடக்கி யோசித்து முடிவெடுக்கும் மூளைப் பகுதி முழுசாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மன உறுதி இல்லை என்று பையனைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை, அவனைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதை மாற்றாமல் அவனிடமிருந்து மட்டும் மாற்றத்தை எதிர்பார்க்கிறோம் என்பதுதான் பிரச்சினை. இந்தப் பள்ளிகள் மாற்றுவது அந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

இது புது யோசனையும் இல்லை. மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டியில் 1979-இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் பள்ளியைத்தான் இந்த வகையில் முதலாவதாகச் சொல்வார்கள். அப்புறம் மினசோட்டா. அந்த மாநிலம் போதை சிகிச்சைக்கே பேர்போனது, சிகிச்சை முடித்த பிள்ளைகள் அங்கே நிறைய, ஆகவே பள்ளிகளும் அங்கேயே முளைத்தன. சொப்ரைட்டி ஹை, பீஸ் அகாடமி இரண்டும் 1989-இல் தொடங்கியவை. மாசசூசெட்ஸ் 2006-இல் மாநிலத்தின் ஆதரவோடு பெவர்லி, பாஸ்டன், ஸ்பிரிங்ஃபீல்ட் மூன்று ஊர்களிலும் திறந்தது. அதே வருஷம் இண்டியானாபொலிஸில் ஹோப் அகாடமி, 2018-இல் டென்வரில் 5280 ஹை ஸ்கூல். சியாட்டிலில் பொதுப்பள்ளி நிர்வாகமே ஒரு வளாகத்தை நடத்துகிறது. இதற்கிடையே 2002-இல், அப்போது இந்தத் துறையில் இருந்தவர்கள் சேர்ந்து ரெக்கவரி பள்ளிகள் சங்கம் ஒன்றை அமைத்தார்கள், அங்கீகாரம் கொடுப்பதும் அந்தச் சங்கம்தான். நாடு முழுவதும் எண்ணினாலும் சில டஜன் பள்ளிகள்தான். பாதிக்குமேற்பட்ட மாநிலங்களில் ஒன்றுகூடக் கிடையாது. இது எனக்கு உண்மையிலேயே கோபம் தரும் விஷயம், அதைப் பிறகு சொல்கிறேன்.

சங்கம் எதை ரெக்கவரி பள்ளி என்று ஏற்றுக்கொள்கிறது என்று பார்த்தால், உங்கள் முதல் பயத்தில் பாதி தீர்ந்துவிடும். மீண்டுவரும் பிள்ளைகளுக்குப் படிப்பு சொல்லித்தருவதே பள்ளியின் முதல் நோக்கமாக இருக்க வேண்டும். மாநிலம் கேட்கும் பாடத்திட்டத்தை முழுக்க நடத்தி முறையான டிப்ளமா, அதாவது பள்ளி இறுதிச் சான்றிதழ், கொடுக்க வேண்டும். சேரும் ஒவ்வொரு பிள்ளையும் மீட்சிக்கான ஒரு திட்டத்தில் உண்மையாக ஈடுபட்டிருக்க வேண்டும். தகுதியுள்ள எந்தப் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். அதாவது இது மருத்துவமனையும் இல்லை, தண்டனையும் இல்லை. கணக்கு, வேதியியல், வரலாறு எல்லாம் உள்ள பள்ளிதான், ஆனால் சின்னது. பல பள்ளிகளில் மொத்தமே இருபது முதல் ஐம்பது பிள்ளைகள். காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து நேற்றைய இரவு எப்படிப் போனது என்று பேசிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார்கள். ஆலோசகரும், மீட்சிக்கு வழிகாட்டும் ரெக்கவரி கோச்சும் பள்ளிக்குள்ளேயே இருப்பார்கள். அவ்வப்போது சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. சில பள்ளிகள் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களின் பன்னிரண்டு படி வழியைத் தழுவியவை, சில இடங்களில் எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் ஸ்மார்ட் ரெக்கவரி மாதிரி வேறு வழிகளும் ஏற்புடையவை.

சின்னது என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டாயிரம் பேர் படிக்கும் பள்ளியில் ஒரு பையன் காலையில் முகம் வாடி வந்தால் மூன்றாவது பீரியடில்கூட யாரும் கவனிக்கமாட்டார்கள். முப்பது பேர் இருக்கும் பள்ளியில் கதவைத் தாண்டுவதற்குள் இரண்டு பேராவது "என்ன ஆச்சு" என்று கேட்டுவிடுவார்கள், அதிலும் கேட்பவர்களில் ஒருவன் போன மாதம் அதே நிலையில் இருந்தவனாக இருப்பான். பொய் சொல்லித் தப்புவதும் அங்கே கஷ்டம், அந்தப் பொய்யை எல்லாம் அவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, சேர்த்துவைத்தால் கெட்டுப்போகமாட்டார்களா? இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆய்வாளர்களே எழுப்பிய பயம் இது. தாமஸ் டிஷியனும் உடன் ஆய்வாளர்களும் 1999-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும்: தடுமாறும் பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு குழுவாக உட்காரவைத்து நல்லது சொல்லித்தரும்போது, சில நேரம் அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கெட்டதைக் கற்றுக்கொண்டு நிலைமை மோசமாகிறது என்று அது காட்டியது. உண்மைதான். ஆனால் அங்கே சேர்க்கப்பட்டவர்கள் தாங்களாக மாற வேண்டும் என்று வந்தவர்கள் இல்லை. குழுவில் யாருக்கு மதிப்பு என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. விதியை மீறினவனுக்குச் சிரிப்பும் கைதட்டும் கிடைக்கும் குழு ஒரு பக்கம் இழுக்கும், போதையைத் தொடாமல் நூறு நாள் தாண்டினவனுக்குக் கைதட்டு கிடைக்கும் குழு மறுபக்கம் இழுக்கும். அதனால்தான் கட்டாயத்தின் பேரில் மட்டுமே வரும் பிள்ளையை நல்ல ரெக்கவரி பள்ளிகள் உடனே சேர்ப்பதில்லை, முதலில் அவனிடம் தனியாகப் பேசுவார்கள். பையனுக்கு ஓரளவாவது சம்மதம் வேண்டும் என்று மேலே நான் சொன்னதும் இதனால்தான்.

இதற்கு எண்களும் இருக்கின்றன. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஃபின்ச்சும் அவருடைய குழுவும் சிகிச்சை முடித்த 194 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள், ஒரு பகுதி ரெக்கவரி பள்ளிகளுக்குப் போனவர்கள், இன்னொரு பகுதி சாதாரணப் பள்ளிகளுக்குப் போனவர்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வில், ஆறு மாதம் கழித்து மது, கஞ்சா, மற்ற போதைப்பொருள் எதையும் தொடாமல் இருந்தவர்கள் ரெக்கவரி பள்ளிகளில் 59 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 30 சதவீதம். பள்ளிக்கு வராமல் போன நாட்களும் ரெக்கவரி பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறைவு. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை இது, விருப்பத்தோடு போனவர்கள் இயல்பிலேயே உறுதி அதிகம் உள்ளவர்களாக இருக்கலாம் என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அந்த வித்தியாசங்களைக் கணக்கில் எடுத்து இரண்டு பக்கத்தையும் சமன்செய்து பார்த்த பிறகு வந்த முடிவுதான் இது, என்றாலும் அந்தச் சந்தேகத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும். 59-ஐப் பார்த்துப் பூரிக்கும்போது மீதி 41-ஐயும் பாருங்கள். ரெக்கவரி பள்ளிக்குப் போயும் பத்தில் நான்கு பேர் ஆறு மாதத்துக்குள் ஒருமுறையாவது சறுக்கினார்கள். உங்கள் மகனும் சறுக்கலாம். அதற்கு இப்போதே மனதளவில் தயாராகுங்கள்.

அப்படிச் சறுக்கும்போதுதான் இரண்டு வகைப் பள்ளிக்கும் உள்ள வித்தியாசம் முகத்தில் அடித்த மாதிரித் தெரியும். சாதாரணப் பள்ளியில் போதையோடு பிடிபட்டால் சஸ்பென்ஷன். நாள் முழுக்கப் பெற்றோர் இல்லாத வீட்டில், கையில் ஃபோனோடு, பத்து நாள். அவனுக்கு அந்த நேரத்தில் இதைவிட ஆபத்தான இடம் இல்லை. ரெக்கவரி பள்ளியில் ஒரு பிள்ளை தானாக வந்து "நேற்று குடித்துவிட்டேன்" என்று சொன்னால் வெளியே அனுப்புவதில்லை, அன்றைக்கே ஆலோசகரோடு உட்கார்ந்து அடுத்த வாரத்துக்குத் திட்டம் போடுவார்கள், தேவையானால் மறுபடி சிகிச்சைக்கு அனுப்பிவிட்டு இடத்தை வைத்திருப்பார்கள். பள்ளிக்குள் கொண்டுவருவது, மற்றவர்களுக்குக் கொடுப்பது, விற்பது இதற்கெல்லாம் மன்னிப்பு கிடையாது. அதுவும் சரிதான், மற்ற முப்பது பேரும் அந்தக் கட்டடத்தை நம்பித்தான் வருகிறார்கள்.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் ஊருக்கு ஒன்று இல்லை? பணம்தான். பல மாநிலங்களில் பள்ளிக்கு வரும் அரசுப் பணம் இலையுதிர் காலத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணித் தரப்படுகிறது. சிகிச்சை முடிந்து வரும் பிள்ளை அந்த நாளைப் பார்த்தா வருவான்? டிசம்பரில் வருவான், மார்ச்சில் வருவான், அவனுக்கான பணம் பழைய பள்ளியிலேயே தங்கிவிடும். அப்புறம் முப்பது பிள்ளைக்கும் கணக்கு வாத்தியார் ஒருவர், அறிவியலுக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர் வேண்டுமே, கூடவே ஆலோசகர்களும் வேண்டும், தலைக்கு ஆகும் செலவு எகிறிவிடும். முன்னோடியான சொப்ரைட்டி ஹை 2013-இல் மூடப்பட்டது. முதல் பள்ளியான ஃபீனிக்ஸும் தனிப் பள்ளியாக நிலைக்கவில்லை. மாசசூசெட்ஸில் பள்ளிகள் நிற்கக் காரணம், பிள்ளையின் சொந்த ஊர் நிர்வாகத்திலிருந்து பணம் பிள்ளையோடு வருகிறது, அதற்குமேல் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் கொடுக்கிறது. ஆரிகன் 2023-இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, பல பள்ளிகள் திறக்க வழிசெய்தது. பணம் வீணாகிறது என்று யாராவது சொன்னால் 2019-இல் வந்த ஒரு ஆய்வைக் காட்டலாம்: ரெக்கவரி பள்ளிப் பிள்ளைகளில் பள்ளிப் படிப்பை முடிப்பவர்கள் குறைந்தது 21 சதவீதப் புள்ளிகள் அதிகம், கூடுதல் செலவைக் கழித்த பிறகும் ஒரு பிள்ளைக்குச் சமூகத்துக்கு மிஞ்சும் நன்மை 16,000 டாலருக்குமேல் என்று அது கணக்கிட்டது. அதுவும் அவர்கள் போட்ட கணக்குகளில் மிகக் குறைந்தது. எண்ணும் நாளுக்குப் பிறகு வந்தான் என்பதற்காக ஒரு பிள்ளைக்கு நாற்காலி இல்லாமல் போவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

அவசரம் ஏன் என்பதற்கு ஒரு விஷயம் மட்டும். பதின்வயதினரிடையே போதைப்பொருள் பயன்பாடு பத்து வருஷங்களுக்கு முன்பு இருந்ததைவிடக் குறைவுதான். ஆனாலும் 14 முதல் 18 வயதுக்குள் போதைப்பொருள் அளவு மீறி இறந்தவர்கள் 2019-இல் 492 பேர், அடுத்த வருஷமே 954 பேர். பழக்கம் பரவவில்லை, பொருள் விஷமாகிவிட்டது. மருந்துக்கடை மாத்திரை மாதிரியே அச்சடித்து, துளி அளவே கொல்லக்கூடிய ஃபெண்டனில் என்ற செயற்கை ஓபியாய்டை (அபின் வகை வலிமருந்தை) கலந்து விற்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு சறுக்கல் என்றால் அதிலிருந்து கற்றுக்கொள்ள நேரம் இருந்தது. இப்போது ஒரே மாத்திரையில் முடிந்துவிடலாம். உங்கள் மகன் மாத்திரை வரை போனவன் என்பதால் இதை மூடி மறைக்காமல் எழுதுகிறேன். சிகிச்சைக்குப் பிறகு உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், முன்பு எடுத்த அதே அளவே இப்போது கொல்லும். ஓபியாய்டு அளவு மீறினால் அதை முறிக்கும் நாலாக்ஸோன் மூக்கு ஸ்பிரேயை வீட்டில் வாங்கி வையுங்கள், மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கிறது, அதை எப்படி அடிப்பது என்று வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருங்கள், அவனுடைய தங்கையோ தம்பியோ உட்பட.

கல்லூரி பற்றிய பயத்துக்கு வருகிறேன். டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கல்லூரிக்கு அனுப்பும் மதிப்பெண் பதிவேட்டில், பள்ளியின் பெயரும் மதிப்பெண்ணும்தான் இருக்கும், ஏன் அங்கே படித்தான் என்று இருக்காது. சிகிச்சை ஆவணங்களுக்குக் கூட்டாட்சிச் சட்டத்திலேயே தனிப் பாதுகாப்பு உண்டு, எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் மையம் பள்ளிக்குக்கூடத் தரக் கூடாது, பல இடங்களில் அந்தச் சம்மதத்தில் உங்கள் கையெழுத்து போதாது, பையனே போட வேண்டும். அவன் விரும்பினால் விண்ணப்பக் கட்டுரையில் எழுதட்டும், விரும்பாவிட்டால் வேண்டாம், அது அவன் முடிவு. இன்னொன்று: கல்லூரிகளே இப்படிப்பட்ட மாணவர்களுக்கு ஏற்பாடுகள் வைத்திருக்கின்றன. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1988 முதல் மீண்டுவரும் மாணவர்களுக்கென்றே விடுதி இருக்கிறது, டெக்சஸ் டெக்கில் 1986 முதலும், மினியாபொலிஸின் ஆக்ஸ்பர்க்கில் 1997 முதலும் பெரிய திட்டங்கள் நடக்கின்றன. உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. சின்னப் பள்ளி என்பதால் ஏபி வகுப்புகள் (பள்ளியிலேயே நடக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்), இசைக்குழு, ரோபாட்டிக்ஸ், பெரிய விளையாட்டு அணி இதெல்லாம் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். சில இடங்களில் ஆன்லைன் வகுப்போ பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜோ கைகொடுக்கும். நம் பெற்றோர்களுக்கு இது வலிக்கும் என்று தெரியும். ஆனால் முதலில் பையன் இருக்க வேண்டும், அப்புறம்தான் ஏபி.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது சில கேள்விகளை நேராகக் கேளுங்கள். சறுக்கினால் முதல் நாள் என்ன செய்வீர்கள் என்பது முதல் கேள்வி, மழுப்பினால் யோசியுங்கள். மருந்து எடுத்துக்கொண்டு மீண்டுவரும் பிள்ளையை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது இரண்டாவது. ஓபியாய்டு பழக்கத்தின் ஏக்கத்தை அடக்கும் பியூப்ரனார்ஃபின் 16 வயது முதலே அனுமதிக்கப்பட்ட மருந்து, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-இலேயே பதின்வயதினருக்கும் இதைத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது, இருந்தும் "மாத்திரை எடுத்தால் அது மீட்சியே இல்லை" என்று நினைக்கும் பழைய ஆட்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லும் பள்ளியை விட்டு விலகுங்கள். பதற்றமோ மனச்சோர்வோ சேர்ந்தே இருக்கும் பிள்ளைகள்தான் அங்கே அதிகம், அதற்கு ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். உங்கள் மகனைப் போன்ற நிறத்தில் எத்தனை பிள்ளைகள் என்றும் தயங்காமல் பாருங்கள், இந்தப் பள்ளிகளில் பெரும்பாலும் வெள்ளையினப் பிள்ளைகள்தான், சங்கமும் அதைக் குறையாகவே பேசுகிறது. ஒரே பழுப்பு முகமாக இருந்தால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று அவனிடமே கேளுங்கள். குடும்பத்துக்கான கூட்டம் இருந்தால் இரண்டு பேரும் போங்கள். அப்பா வேலையைக் காட்டி ஒதுங்கிக்கொண்டு அம்மா மட்டும் போவதை நான் நிறையப் பார்க்கிறேன், அதைப் பிள்ளையும் பார்க்கிறான்.

பக்கத்தில் பள்ளியே இல்லை என்றால்? பழைய பள்ளிதான் என்றாகிவிட்டால், அவன் திரும்பும் முன்பே பள்ளிக் கவுன்சிலரைச் சந்தித்து 504 திட்டம் கேளுங்கள், உடல்நல, மனநலக் குறையுள்ள மாணவர்களுக்குப் பள்ளி செய்துதர வேண்டிய மாற்றங்களைக் கூட்டாட்சிச் சட்டம் ஒன்றின் 504-ஆம் பிரிவின்படி எழுதிவைப்பது அது. இப்போது பயன்படுத்தாமல் மீண்டுவரும் மாணவனுக்கு அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது, பதற்றமோ மனச்சோர்வோ கண்டறியப்பட்டிருந்தால் இன்னும் சுலபம். மதிய உணவு நேரத்தை மாற்றுவது, பழைய கூட்டம் இருக்கும் வகுப்பிலிருந்து வேறு பீரியடுக்கு மாற்றுவது, கேள்வி கேட்காமல் வெளியே வர ஒரு அட்டை, கவுன்சிலரோடு தினமும் பத்து நிமிஷம், சிகிச்சைக்குப் போகும் மதியங்களுக்கு வருகைப்பதிவில் விலக்கு, இதெல்லாம் கேட்கக்கூடியவை. அதே மாவட்டத்தில் வேறு பள்ளிக்கு மாற்றம் கேட்பதும் நல்லது, ஆனால் புதுப் பள்ளியிலும் அவன் முதலில் கண்டுபிடிக்கப்போவது அங்கே புகைப்பவர்களைத்தான், எனவே மாற்றம் மட்டும் போதாது. பள்ளி முடிந்த பிறகு மூன்று மணி முதல் ஒன்பது மணி வரை யாருடன் இருக்கிறான் என்பதைச் சரிசெய்யுங்கள். ஹூஸ்டனில் 1971-இல் ஒரு தேவாலயத்தில் தொடங்கி, இன்று மாற்று நட்புக் குழுக்கள் என்ற பெயரில் டெக்சஸ் முழுக்கவும் வேறு சில மாநிலங்களிலும் நடப்பவை இதற்கென்றே உள்ளவை, போதையில்லாமல் சனிக்கிழமை இரவில் ஊர்சுற்றவும் விளையாடவும் பிள்ளைகளுக்குத் துணை தருகிறார்கள், சற்று மூத்த, மீண்டுவந்த இளைஞர்கள் கூட இருப்பார்கள். உங்கள் ஊரில் அது இல்லாவிட்டால் இளையோருக்கான கூட்டம் எங்கே நடக்கிறது என்று சிகிச்சை மையத்திடம் இப்போதே, அவன் அங்கே இருக்கும்போதே கேட்டு, வீட்டுக்கு வரும் வாரத்திலேயே முதல் கூட்டத்துக்குப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு வாரம் இருக்கிறது என்றீர்கள். பள்ளிக்கான சேர்க்கைப் பேச்சு, பதிவேடு மாற்றம், நேர்முகம் எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு வாரம் சரியாக இருக்கும், ஆகவே ஃபோனை இன்றைக்கே எடுங்கள்.